நாற்பத்தெட்டுக் கிலோ

நிமலினி அக்காவுக்குப் பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கலியாணக் கார்ட்டில் திகதியும் கிழமையும் ஒத்துவராவிட்டால் பேனையை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் கலியாணத்துக்கே போவார். அது பரம்பரைக் குணம். தகப்பன் இராசசிங்கம் மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். அக்காவும் பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்தார். நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தொண்டு செய்ததுதான் மிச்சம். ஆனாலும் சுண்டுக்குளியில் இருந்து குருநகர் வரை எல்லாருக்கும் அவர் இன்னமும் ரீச்சர்தான்.

ரீச்சராக இருந்தபோது அவருக்கு ஒரு பழக்கம். விடைத்தாளில் பிள்ளை தசமப் புள்ளியைத் தவறவிட்டிருந்தால் தானே புள்ளியைப் போட்டுச் சரி அடித்துவிடுவார். "பிள்ளைக்குத் தெரியும். கைதான் பிழைச்சது" என்பார். இந்தக் கதை முழுக்க அந்தப் பழக்கத்தால் வந்தது. என்னாலும் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் முதலில் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணம் கண்டி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. பதினான்கு பேர். ரொறொன்ரோவில் இருந்து திரும்பி வந்த பிறேம் அண்ணை தொடங்கியது. வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல் கம்பனி ஒன்றுக்குப் பதினொரு கப்பல்கள் உண்டு. ஒவ்வொரு கப்பலும் மாதத்தில் எவ்வளவு எண்ணெய் எரித்தது, குளிரூட்டிகளுக்கு எவ்வளவு காஸ் நிரப்பியது என்று அங்கே வேலை செய்பவர்கள் படிவம் நிரப்பி எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைச் சரிபார்த்து, பூமியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயு இத்தனை தொன் வானத்துக்குப் போயிருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுப்போம். கம்பனி அதை வைத்து வருடத்துக்கு ஒரு அறிக்கை வெளியிடும். அட்டையில் நீலக் கடலும் ஒரு திமிங்கிலமும் இருக்கும். அந்தப் பதினொரு கப்பல்களில் ஒன்றையாவது எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

எண்ணெய்க் கணக்கு லேசு. வில்லங்கம் பிடித்தது காஸ். மூவாயிரம் பேர் படுத்தெழும்பும் கப்பலைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. அவற்றில் இருக்கும் காஸ் ஒரு கிலோ வெளியே கசிந்தால், ஆயிரத்து முந்நூறு கிலோ காபனீரொட்சைட்டு போனதற்குச் சமம். கசிந்ததை யாரும் பிடித்து நிறுக்க முடியாது. எவ்வளவு குறைந்து போய்த் திரும்ப நிரப்பினார்களோ, அவ்வளவும் கசிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆகவே எல்லாம் நிரப்புகிறவன் எழுதும் எண்ணில்தான் தங்கியிருந்தது.

எங்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒருவர் எண்ணைப் பதிந்தால் இன்னொருவர் மூலப் படிவத்தோடு ஒப்பிட்டு அங்கீகரிக்க வேண்டும். அவருக்கு 'இரண்டாவது கண்' என்று பெயர். நிமலினி அக்காவின் இரண்டாவது கண் நான், கரவெட்டியில் இருந்து தினமும் பஸ்ஸில் வரும் றஜனி. மற்ற விதி, எண்ணில் சந்தேகம் வந்தால் கப்பலுக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதன் பிரதி தலைமை அலுவலகத்துக்கும் போகும். ஒருவரின் படிவத்துக்கு வருடத்தில் மூன்று கேள்வி போனால் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். கப்பலில் இருப்பவர்கள் கடலுக்குப் பயந்ததைவிட எங்கள் கேள்விக்குப் பயந்தார்கள்.

ஏழாவது கப்பலின் காஸ் படிவத்தை நிரப்பியது லோஜன் என்ற குளிரூட்டிப் பொறியாளர். எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருமுறை மின்னஞ்சலின் கீழே, தான் குருநகர் லூர்த்தம்மாவின் மகன் என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு வாய் காது வரை போய்விட்டது. அன்று மத்தியானமே என்னையும் இழுத்துக்கொண்டு குருநகர்ச் சந்தைக்குப் போனார். லோஜனின் தாய் லூர்த்தம்மா அங்கே மீன் விற்பவர். அக்கா வருடக்கணக்காக அவரிடம்தான் மீன் வாங்குவார்.

"உங்கடை மகன்ரை பேப்பரெல்லாம் என்ரை மேசைக்குத்தான் வருது, தெரியுமே?"

லூர்த்தம்மா கையில் இருந்த கணவாயை அப்படியே போட்டுவிட்டார். "உண்மையே ரீச்சர்? மாதா! அவன் கெட்டிக்காரன், ஆனால் எழுத்திலை அவசரக்காரன். அவனைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

"பாத்துக்கொள்ளுறன்" என்றார் அக்கா.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லை எத்தனை பேருக்குச் சொல்கிறோம். கொழும்புக்குப் படிக்கப் போகும் பிள்ளையை, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆளை, வெளிநாட்டில் இறங்கும் பெடியனை, யாரையாவது யாராவது பார்த்துக்கொள்கிறோம். எங்கள் ஊர் ஆள் என்றால் விதியைக் கொஞ்சம் வளைத்தால் என்ன என்று நினைக்காதவர் இங்கே யார்?

மார்ச் மாதப் படிவம் ஏப்ரல் முதல் கிழமை வந்தது. மற்ற மாதங்களில் நாற்பது, ஐம்பது கிலோ என்று இருக்கும் இடத்தில் நானூற்று எண்பது கிலோ என்று இருந்தது.

"றஜனி, உவன் லோஜன் புள்ளியைத் தவறவிட்டிட்டான். நாப்பத்தெட்டு தசம் சைபர் எண்டு வரவேணும்."

"கேள்வி அனுப்புங்கோ அக்கா."

"இந்த வருசம் ஏற்கெனவே உவனுக்கு இரண்டு கேள்வி போட்டுது. இதோடை மூண்டு. பிறகு உவனுக்குக் கப்பலே இல்லை. பிள்ளைக்குத் தெரியும், கைதான் பிழைச்சது."

அக்கா 48 என்று பதிந்தார். எண்ணை மாற்றினால் காரணம் கேட்டு ஒரு பெட்டி திறக்கும். அதில் 'கப்பலுடன் கதைத்து உறுதி செய்யப்பட்டது' என்பதைத் தெரிவுசெய்தார். ஒருவரோடும் கதைக்கவில்லை. எனக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மகள் மதுராவை அம்மாவிடம் விட்டிருந்தேன். மூலப் படிவத்தைத் திறக்காமலே அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன்.

அடுத்த மாதம் நானூற்று இருபது வந்தது.

அக்கா மார்ச் மாதப் படிவத்தையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மாதம் கை பிழைக்கலாம். இரண்டு மாதம் ஒரே மாதிரிப் பிழைக்குமா? இருவருக்கும் அந்த நிமிடமே விளங்கிவிட்டது, கப்பலில் உண்மையாகவே காஸ் கசிகிறது, போன மாதம் நாங்கள் திருத்தியது சரியான எண்ணை. இதில் எந்தச் சந்தேகமும் வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் யார் கேட்டாலும் தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது 420 என்று பதிந்தால் போன மாதத்து 48 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். யாரோடு கதைத்து உறுதி செய்தாய் என்று கேட்பார்கள். அக்கா 42 என்று பதிந்தார். நான் அங்கீகாரம் கொடுத்தேன். முதல் மாதம் லோஜனுக்காகச் செய்தது, இரண்டாம் மாதம் எங்களுக்காகச் செய்தது. வெட்கம் கெட்ட வேலை.

மூன்றாம் மாதம் ஐந்நூற்றுப் பத்து. கூடவே குறிப்புப் பகுதியில் லோஜன் ஒரு வரி எழுதியிருந்தார்: மூன்றாம் இலக்கக் குளிரூட்டியில் கடும் கசிவு, திருத்துவதற்கு உடனே ஆட்களை அனுப்பவும். ஐம்பத்தொரு கிலோவுக்கு அப்படி யாராவது எழுதுவார்களா? அந்த வரி நாங்கள் பதிந்த 51 என்ற எண்ணோடு ஒத்துவரவில்லை. அக்கா அதை அழித்தார். நான் வழமைபோல் அங்கீகாரத்தை அழுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு கப்பல் வருடாந்தத் திருத்தவேலைக்குத் துறைமுகம் போனது. இயந்திரத்தை அங்கே மாற்றினார்களாம். எண்கள் திரும்பவும் நாற்பதுக்கு வந்தன. நாங்கள் மூச்சு விட்டோம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் அக்கா சோறு சுற்றிவந்த லஞ்ச் ஷீற்றில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆயிரத்து இருநூற்று அறுபத்தொன்பது கிலோவை நாங்கள் மறைத்திருந்தோம். "றஜனி, ஆயிரத்து அறுநூற்றைம்பது தொன் வருது" என்றார். "எங்கடை மோட்டார்சைக்கிள் மூவாயிரம் ஒரு வருசம் முழுக்க ஓடினால்தான் இவ்வளவு புகை வரும்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, "உதையெல்லாம் யோசிச்சால் வருத்தம்தான் வரும், விடுங்கோ" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

மாசியில் அறிக்கை வெளிவந்தது. பதினொரு கப்பல்களில் காஸ் கசிவு ஆகக் குறைந்தது ஏழாவது கப்பல் என்று ஒரு முழுப் பக்கம். அதைச் சரிபார்த்த எங்களுக்குப் பாராட்டு. பிறேம் அண்ணை கப்பல் வடிவத்தில் நீல ஐசிங் போட்ட கேக் வாங்கிவந்து அக்காவின் கையில் கத்தியைக் கொடுத்தார். அக்கா வெட்டினார், சாப்பிடவில்லை. சீனி வருத்தம், இனிப்புக் கூடாது என்று சொல்லிச் சமாளித்தார். சீனி வருத்தம் அவருடைய தாய் பொன்மலர் ரீச்சருக்குத்தான், இவருக்கு அல்ல. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஆவணியில் வெளியாட்கள் வந்து கம்பனியின் அறிக்கையைப் பரிசோதித்தார்கள். அவர்கள் ஒரு புதுக் காரியம் செய்தார்கள். ஏழாவது கப்பலுக்கு எத்தனை சிலிண்டர் காஸ் ஏற்றப்பட்டது என்று களஞ்சியப் பதிவைப் பார்த்தார்கள். அந்த மூன்று மாதத்தில் ஆயிரத்து நானூறு கிலோவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். நிரப்பியது வெறும் நூற்று நாற்பத்தொன்று என்று எங்கள் கணக்கில் இருந்தது. மிச்சம் எங்கே என்று அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. இந்த எண்கள் கப்பலுடன் உறுதி செய்யப்பட்டவைதானா?

அக்கா 'ஆம்' என்று பதில் போட்டார். அது வெறும் கணக்குப் பிரச்சினை, எங்காவது ஒரு அடிக்குறிப்போடு அடங்கிவிடும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். நம்ப விரும்பினோம் என்பதுதான் சரி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் சந்தைக்குப் போனோம். லூர்த்தம்மாவின் முன்னால் மீன் அப்படியே கிடந்தது, அவர் கூவி விற்கவில்லை. அக்காவைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"ரீச்சர், லோஜனைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். துறைமுகத்திலை காஸ் வித்தவனாம். சிலிண்டரைக் காணேல்லையாம். வித்ததையும் நிரப்பினதெண்டு கொப்பியிலை கூட்டி எழுதி மறைச்சவனாம். என்ரை பிள்ளை கப்பலிலை இருந்து ஒரு சோப்புக்கட்டிகூடக் கொண்டுவந்தவன் இல்லை."

பக்கத்து மீன்காரி கத்தியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"நீங்கள்தானே அவன்ரை பேப்பர் பாக்கிறனியள்" என்றார் லூர்த்தம்மா. "நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர், அவன் பொய் எழுதுறவனே?"

"இல்லை" என்றார் அக்கா.

மீன் வாங்காமலே திரும்பினோம். வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "நான் போட்ட சைபர் இல்லை றஜனி, நான் எடுத்த சைபர். அது அவனைக் கள்ளன் ஆக்கிப்போட்டுது" என்றார். எனக்குப் பயம் பிடித்தது. லோஜனை நினைத்தா, என்னை நினைத்தா என்று கேட்டால், என்னை நினைத்துத்தான்.

அடுத்த வியாழன் லோஜனே அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும், மெலிந்த ஆள், அயர்ன் பண்ணிய சேட். கதிரையின் நுனியில் இருந்தார்.

"அக்கா, நான் அனுப்பின மூலப் படிவம் உங்களட்டைக் கிடக்கோ? என்ரை ஈமெயிலை கம்பனி பூட்டிப்போட்டுது. நான் நானூற்றெண்பது எண்டுதான் எழுதினனான். ஆக்கள் வந்து இயந்திரத்தைத் திருத்துவினம் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான், ஒருத்தரும் வரேல்லை. சிஸ்டத்திலை ஏன் நாப்பத்தெட்டு எண்டு கிடக்குதெண்டு விளங்கேல்லை."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் மேல் ஒரு கோபப் பார்வை பார்த்திருந்தால் நாங்களும் கோபப்பட்டுத் தப்பியிருப்போம்.

"தேடிப் பாக்கிறன் தம்பி" என்றார் அக்கா. தேட என்ன இருக்கிறது? மூன்று படிவமும் அவருடைய கணினியில் ஒரே இடத்தில் இருந்தன. லோஜன் எழும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தேவாலயத்துக்குப் போனதைத் திங்கள் காலை எனக்குச் சொன்னார். அவர்களுடைய சபையில் பாவ அறிக்கையை எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வாசிப்பார்களாம். "இருநூறு பேர் ஒரே குரலிலை சொல்லேக்கை யாற்றை பாவம் எதெண்டு ஆருக்குத் தெரியும்? குருநகர்க் கத்தோலிக்கச் சனம் எண்டால் பாதரட்டைத் தனியப் போய், வாய் திறந்து, இன்னது செய்தனான் எண்டு சொல்லவேணும். நேற்று எனக்கு அவையளிலை பொறாமையாக் கிடந்தது" என்றார்.

பிறகு ஒரு கடிதத்தைக் காட்டினார். பிறேம் அண்ணைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் எழுதியது. எந்த மாதம் எந்த எண்ணை எப்படி மாற்றினார், எந்த வரியை அழித்தார், 'ஆம்' என்று பதில் போட்டது பொய் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருந்தார். மூன்று படிவங்களும் இணைப்பில் இருந்தன. வாசித்துக்கொண்டு போன நான் கடைசிப் பந்தியில் நின்றுவிட்டேன். இரண்டாவது கண்ணின் கடவுச்சொல் தனக்குத் தெரியும் என்றும், மூன்று மாதமும் தானே அதைப் பாவித்து அங்கீகாரம் கொடுத்ததாகவும், றஜனிக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் இருந்தது.

"அக்கா, அழுத்தினது நான்."

"தெரியும்."

"திரும்பவும் பொய் எழுதுறியளே?"

"உமக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. ஒராள் போனால் காணும். நீர் பேசாமல் இரும்." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மையும் நான்தானே பாத்துக்கொள்ளவேணும்."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். லோஜனைக் கள்ளனாக்கியதும் இதே இரக்கம்தான், இதே கைதான் என்று அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "உங்கடை விருப்பம் அக்கா."

அவர் அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார்.

பிறேம் அண்ணை போட்ட சத்தம் கீழே மருந்துக்கடைக்கும் கேட்டது. அக்கா அன்றே தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கடவுச்சொல் மதுராவின் பெயரும் பிறந்த வருடமும் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும், ஆகவே எல்லாரும் நம்பினார்கள். விசாரணைக்குத் தேவையான பழைய மின்னஞ்சல்களைத் தேடி ஒழுங்காக அடுக்கி அனுப்பும் வேலையை என்னிடமே தந்தார்கள். நன்றாகச் செய்தேன் என்று பாராட்டும் வந்தது. இப்போது அக்காவின் கதிரையில் நான் இருக்கிறேன்.

கம்பனி லோஜனுக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்பியது. குற்றச்சாட்டு நீக்கப்பட்டது, மீண்டும் வேலைக்குச் சேரலாம். இந்த வருட அறிக்கையின் எண்பத்தாறாம் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், முந்திய ஆண்டின் குளிரூட்டி வாயு எண்கள் திருத்தப்பட்டுள்ளன என்று ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது. ஆயிரத்து அறுநூற்றைம்பது தொன்னும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. அட்டையில் அதே திமிங்கிலம்.

அக்கா வீட்டில் ரியூஷன் கொடுக்கிறார். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். புள்ளி பிழைத்தால் இப்போது சைபர்தானாம், பிள்ளைகள் அழுகிறார்களாம். என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார், மதுராவைப் பற்றிக் கேட்டார். மீன் இப்போது பாசையூருக்குப் போய்த்தான் வாங்குகிறாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை லூர்த்தம்மா எங்கள் அலுவலகப் படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஒரு பை.

"பிள்ளை, லோஜன் நேற்றுத் திரும்பக் கப்பலுக்கு வெளிக்கிட்டிட்டான். அவன்ரை எழுத்தையெல்லாம் தேடி எடுத்து அனுப்பினது நீதானாமே. பிறேம் தம்பி சொன்னவர். விளைமீன் கொண்டந்தனான், விடிய வந்தது." பையை என் மேசையில் வைத்தார். "அந்த ரீச்சர் பாத்துக்கொள்ளுறன் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னவ. இனி அவவுக்கு ஒரு சூடை மீன்கூட விக்கமாட்டன். நீ நல்லாயிருப்பாய் பிள்ளை."

நான் வாய் திறந்தேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை அம்மா, நாங்கள் மீன் மச்சம் சாப்பிடுறேல்லை" என்று வந்தது.

"அதுக்கென்ன, பிரிட்ஜிலை வைச்சு நாளைக்குக் காய்ச்சு."

பையை மடியில் வைத்துக்கொண்டு கரவெட்டி வரை பஸ்ஸில் போனேன். பிரிட்ஜில் வைத்தேன். சனிக்கிழமை பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன். மதுரா இன்னும் ஒரு துண்டு கேட்டாள், போட்டேன். பிறகு நானும் இருந்து சாப்பிட்டேன்.